ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் நாற்பத்தைந்து ஆண்டுகளைக் கேட்டு அறிவது எப்படி

கறுப்பின அமெரிக்கர்களின் இசையான ப்ளூஸில் வேர்விட்டு வளர்ந்த அமெரிக்கத் தென்மாநில ராக் இசையை முறையாகக் கேட்டுப் பழக விரும்புகிறவர்கள் என்னிடம் வழி கேட்டால், பத்துக் குழுக்களைத் தொட்டுப் பார்ப்பதைவிட ஒரே குழுவைப் பிடித்துக்கொண்டு அதன் கடைசி வரை போய்வாருங்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் குழு ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட். 1969 மார்ச்சில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் உருவாகி, ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் குடியேறி, 2014 அக்டோபரில் நியூயார்க்கில் கடைசிக் கச்சேரியை வாசித்து முடித்தவர்கள் அவர்கள். தொடங்கிய நான்கு ஆண்டுகளுக்குள் தலைமைக் கிதார் கலைஞரையும் பேஸ் கலைஞரையும் விபத்துகளில் இழந்தார்கள். 1976இலும் 1982இலும் கலைந்து, இரண்டு முறையும் மீண்டும் கூடினார்கள். இத்தனை ஏற்ற இறக்கம் உள்ள வரலாற்றை, இசைத்தட்டுகள் வெளிவந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போனால் பலரும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் நின்றுபோனேன்.

பிறகு எனக்குப் பிடிபட்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒருவர் வாசித்ததை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டு, அந்த நொடியிலேயே அதற்கு விடை வாசிப்பதுதான் இந்தக் குழுவின் உயிர். யாருக்கு யார் விடை சொல்கிறார் என்பதைப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், ஒருவர் போய் இன்னொருவர் வந்த ஒவ்வொரு திருப்பமும் காதுக்கே தெரிந்துவிடும்.

தொடங்க வேண்டிய இடம்

முதல் ஆல்பத்தில் தொடங்க வேண்டாம். புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்பிலும் தொடங்க வேண்டாம். 1971 மார்ச் 12, 13 ஆகிய இரவுகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவுசெய்யப்பட்டு, அந்த ஆண்டு ஜூலையில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்த 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' ஆல்பத்தில் தொடங்குங்கள். அதற்கு முன் வெளிவந்த இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்களும் பெரிதாக விற்கவில்லை. அவையும் நல்ல ஆல்பங்கள்தாம், ஆனால் கேட்பவர்கள் எதிரே இருக்கும்போதுதான் தங்கள் இசை முழுமை பெறுகிறது என்பது குழுவினருக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்றாவது ஆல்பத்தை மேடையிலேயே பதிவுசெய்தார்கள். தயாரிப்பாளர் டாம் டவுட், ஒலிப்பதிவின் நுட்பங்களைக் கரைத்துக் குடித்தவர். அந்த நாட்களில் மேடையேறியிருந்த ஊதுகருவிக் கலைஞர்களை அவர் இறக்கிவிடச் சொன்னார் என்பதும், இரண்டு வாசிப்புகளை ஒட்டி 'யூ டோன்ட் லவ் மீ' பாடலை ஆல்பத்துக்காக அமைத்தார் என்பதும், 'மேடைப் பதிவு' என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு தீர்மானங்கள் இருக்கின்றன என்பதைக் காட்டும்.

ஆல்பத்தில் இருப்பவை ஏழே பாடல்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தை ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள், ஏனென்றால் அதில் பேஸ் கிதார் ஏறக்குறைய காணாமலே போய்விடும், பேஸ் போனால் இந்தக் குழுவில் பாதி போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று போதும்.

ஆறு பேரைப் பிரித்துக் கேட்பது

முதல் பாடல் 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்'. பாடல் தொடங்கியவுடன் வழுக்கிக்கொண்டு, குரல்போல இழுத்துப் பேசும் ஒரு கிதார் கேட்கும். அது டுவேன் ஆல்மன் வாசிக்கும் ஸ்லைடு கிதார். விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாயைத் தந்திகள்மேல் நகர்த்தி வாசிக்கும் முறை இது. டுவேன் மாட்டியிருந்தது கோரிசிடின் என்ற சளி மாத்திரையின் காலிக் குப்பி. பிறந்தநாளில் உடல்நலமில்லாமல் இருந்த அண்ணனுக்குத் தம்பி கிரெக் அந்த மாத்திரைக் குப்பியோடு தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் இசைத்தட்டையும் கொடுத்தார் என்றும், அதில் இதே பாடலைக் கேட்டுத்தான் டுவேன் ஸ்லைடு பழகினார் என்றும் கிரெக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஹெட்ஃபோனில் இரண்டு கிதார்களும் பெரும்பாலும் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்கும். ஸ்லைடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் டுவேன், எதிர்ப்பக்கம் டிக்கி பெட்ஸ் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்ஸ் கன்ட்ரி, புளூகிராஸ் இசை கேட்டு வளர்ந்தவர். அவருடைய கிதார் வட்டமான, இனிமையான மெட்டுகளாகவே சிந்திக்கும். டுவேனின் கிதாரோ கேள்வி கேட்கும், கெஞ்சும், சண்டையிடும். இருவரும் தனித்தனியே வாசித்துவிட்டு ஒரே மெட்டை இரண்டு சுருதி நிலைகளில் இணைத்து வாசிக்கும் இடங்களைக் கவனியுங்கள். பிற்காலத் தென்மாநில ராக் குழுக்கள் எல்லாம் இரண்டு, மூன்று கிதார்களோடு மேடையேறியதற்கு இந்த இணைப்புதான் முன்மாதிரி.

அடுத்த முறை கேட்கும்போது கிதார்களை மறந்துவிட்டு ட்ரம்ஸை மட்டும் கேளுங்கள். இருவர் வாசிக்கிறார்கள். புட்ச் டிரக்ஸ், நிற்காமல் ஓடும் ரயிலைப் போல நடையைத் தாங்கிக்கொண்டு போகிறவர். மிசிசிப்பியில் வளர்ந்த கறுப்பினக் கலைஞரான ஜெய்மோ, முன்பு சோல் இசைப் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் பயணக் குழுவில் வாசித்தவர், ஜாஸில் ஊறியவர். அந்த ஓட்டத்தின் இடைவெளிகளில் அவர் கோலம் போட்டுக்கொண்டே வருவார். மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் ஆகியோரின் இசையை டுவேனுக்கு அறிமுகப்படுத்தியதும் அவரே. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒன்றாகப் பயணம் செய்வது 1969ஆம் ஆண்டின் ஜார்ஜியாவில் சாதாரண விஷயமாக இருக்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு ட்ரம்ஸையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது முறை பேஸுக்கு. பெர்ரி ஓக்லி அடித்தளத்தை மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறவர் அல்லர். மூன்றாவது கிதார் போலவே உள்ளே புகுந்து, சொல்லப்போனால் பல இடங்களில் மற்ற இருவரையும் புதிய திசைக்குத் தள்ளிவிடுகிறார். கிரெக் ஆல்மனின் ஹாமண்ட் ஆர்கனும் குரலும் உங்களைத் தாமாகவே தேடி வந்துவிடும். 'ஸ்டோர்மி மண்டே' பாடலைப் பாடும்போது அவருக்கு வயது இருபத்துமூன்றுதான். அந்தக் குரலைக் கேட்டால் நம்ப முடியாது.

இந்த ஆல்பத்தில் அதிகம் உழைத்துக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பெட்ஸ் இயற்றிய, பாட்டு வரிகளே இல்லாத 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்'. மேக்கனின் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் கண்ட பெயர் அது. பதின்மூன்று நிமிடம் ஓடும் இந்தப் பதிவில் முதலில் பெட்ஸ் தனித்து வாசிப்பார், அடுத்து கிரெக்கின் ஆர்கன், அதன் பிறகே டுவேன். வரிசையைத் தெரிந்துகொண்டு கேட்டால், பெட்ஸ் விட்ட இடத்திலிருந்து டுவேன் எதை எடுத்து எங்கே கொண்டுபோகிறார் என்பது விளங்கும். மற்றொன்று, ஏறக்குறைய இருபத்துமூன்று நிமிடம் நீளும் 'விப்பிங் போஸ்ட்'. பேஸ் தனியாகத் தொடங்கும் அந்த முன்னிசை பதினோரு எண்ணிக்கையில் சுழல்கிறது. நமக்கு இதைப் பிடிப்பது எளிது: 'தகிட தகிட தகிட தக' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்தும். பாட்டு வரிகள் தொடங்கியதும் அந்தக் கடைசித் 'தக' மறைந்து, எல்லாம் மும்மூன்றாக நடக்கும். இயற்றிய கிரெக்குக்கு அது பதினோரு எண்ணிக்கை என்பதே தெரியாமல் இருந்ததாம்; அண்ணன் சொல்லித்தான் தெரிந்ததாம். முதல் ஆல்பத்தில் இதே பாடல் ஐந்து நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்றரை ஆண்டு இடைவிடாத மேடைப் பயணம் ஒரு பாடலை எவ்வளவு விரித்துவிட்டது என்பதை உணரலாம்.

வேரைத் தொட்டுப் பார்ப்பது

ஃபில்மோர் ஆல்பம் காதில் பழகிய பிறகு பழைய ப்ளூஸுக்குப் போங்கள். அதற்கு முன் ப்ளூஸின் அடிப்படை வடிவத்தை அறிந்திருப்பது நல்லது. நான்கு எண்ணிக்கை கொண்ட பன்னிரண்டு அளவுகள் சேர்ந்தது ஒரு சுற்று. முதல் நான்கு அளவில் ஒரு வரி, அடுத்த நான்கில் அதே வரி மீண்டும், கடைசி நான்கில் அதற்கு விடைபோல் ஒரு வரி. ச, ம, ப ஆகிய மூன்று இடங்களில் நிலைகொள்ளும் மூன்று கார்டுகளே, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டங்களே, முழுச் சுற்றையும் தாங்குகின்றன. 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' பாடலின் நடுவே கிதார் மட்டும் வாசிக்கும் பகுதியில் கையால் தட்டி எண்ணிக்கொண்டே போனால், இரண்டு மூன்று சுற்றுக்குள் வடிவம் பிடிபட்டுவிடும்.

பிறகு அதே பாடலை 1928இல் பிளைண்ட் வில்லி மெக்டெல் தனி ஆளாகப் பன்னிரண்டு தந்திக் கிதாருடன் பாடிய பதிவைக் கேளுங்கள். ஸ்டேட்ஸ்பரோ ஜார்ஜியாவின் ஓர் ஊர். மெக்டெலும் அதே மாநிலத்துக்காரர், அவர் பாடியது அமைதியான, நெகிழ்வான பாட்டு. அது தாஜ் மஹாலிடம் மின்கிதாரின் கனம் பெற்று, டுவேனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 'டன் சம்படி ராங்' பாடலுக்கு எல்மோர் ஜேம்ஸ், 'ஸ்டோர்மி மண்டே' பாடலுக்கு டி-போன் வாக்கர், இரண்டாவது ஆல்பத்தில் ஓக்லி பாடும் 'ஹூச்சி கூச்சி மேன்' பாடலுக்கு மட்டி வாட்டர்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் மூலத்தைத் தேடிக் கேட்கலாம். மூலத்தைக் கேட்காமல் இக்குழுவை அறிந்துவிட்டதாக நினைப்பது கறுப்பினக் கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ஆல்மன் சகோதரர்களும் அந்தக் கடனை ஒருபோதும் மறைத்தவர்கள் அல்லர்.

பின்னோக்கிச் செல்வது

இப்போதுதான் தொடக்க காலத்துக்குப் போக வேண்டும். டுவேன் 1946இலும் கிரெக் 1947இலும் நாஷ்வில் நகரில் பிறந்தவர்கள், சிறு குழந்தைகளாக இருந்தபோதே தந்தை கொலையுண்டார், தாய் வளர்த்தார், பிறகு குடும்பம் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சுக்குக் குடிபெயர்ந்தது. சகோதரர்கள் லாஸ் ஏஞ்சலஸில் ஹவர் கிளாஸ் என்ற பெயரில் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களை ஒருமுறை கேட்டால் போதும். இசை நிறுவனம் அவர்களிடம் பாப் பாடல்களையே எதிர்பார்த்தது, அந்தக் கட்டாயம் ஒவ்வொரு பாடலிலும் தெரிகிறது.

அதைவிட முக்கியமானது, டுவேன் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் பகுதியில் இருக்கும் ஃபேம் ஸ்டுடியோவில் பிறருக்காகக் கூலிக்கு வாசித்த காலம். 1968இன் இறுதியில் வில்சன் பிக்கெட் பாடிய 'ஹே ஜூட்' பதிவின் கடைசிப் பகுதியில், பிக்கெட்டின் கூவலுக்கு டுவேனின் கிதார் சரிக்குச் சரி நிற்கிறது. ஆங்கிலேயக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் டுவேனை முதன்முதலில் கவனித்ததும் இந்தப் பதிவில்தான். 1970 ஆகஸ்டில் மியாமியில் இருவரும் சந்தித்தார்கள். கிளாப்டனின் டெரிக் அண்ட் த டாமினோஸ் குழுவின் 'லைலா' ஆல்பத்தில் டுவேன் வாசித்தது அந்தச் சந்திப்பின் விளைவு. ஓடிஸ் ரெடிங்கின் மேலாளராக இருந்த ஃபில் வால்டன், ஃபேம் ஸ்டுடியோவில் உருவான டுவேனின் பெயரை நம்பித்தான் புதிய குழுவுக்குத் துணைநின்றார். மேக்கனில் அவர் தொடங்கிய காப்ரிகார்ன் நிறுவனம் பின்னாளில் தென்மாநில ராக் இசைக்கே தலைமையகம்போல் ஆனது.

1969இல் வெளிவந்த முதல் ஆல்பத்தில் 'ட்ரீம்ஸ்' பாடலையும், 1970இல் வெளிவந்த 'ஐடில்வைல்டு சவுத்' ஆல்பத்தில் 'மிட்நைட் ரைடர்' பாடலையும் தவறவிட வேண்டாம். 'ட்ரீம்ஸ்' பாடலின் நடுவில் டுவேன் விரலால் வாசித்துக்கொண்டிருந்துவிட்டு ஸ்லைடுக்கு மாறும் கணம், இந்தக் குழுவின் ஸ்டுடியோப் பதிவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கணம்.

இழப்புக்குப் பிறகு கேட்பது

1971 அக்டோபர் 29 அன்று மேக்கனில் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தார். ஃபில்மோர் ஆல்பம் அப்போதுதான் தங்க இசைத்தட்டாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1972 நவம்பர் 11 அன்று, அந்த இடத்திலிருந்து சில தெருக்களே தள்ளி, பெர்ரி ஓக்லியும் அதே வகை விபத்தில் இறந்தார். இருவருக்கும் வயது 24. ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அருகருகே இருக்கிறார்கள்.

இந்த இரண்டு இழப்புகளுக்கும் இடையில் வெளிவந்த 'ஈட் எ பீச்' ஆல்பத்தைக் கேட்கும்போது ஒரு விவரத்தை நினைவில் வையுங்கள்: முதல் மூன்று பாடல்கள் டுவேன் இல்லாமல் ஐந்து பேரால் பதிவுசெய்யப்பட்டவை, மற்றவற்றில் அவர் இருக்கிறார். முதல் பாடலில் ஸ்லைடு வாசிப்பது பெட்ஸ். நண்பரின் இடத்தில் கையை வைக்க நேர்ந்த ஒருவரின் தயக்கமும் துணிவும் அதில் சேர்ந்தே கேட்கின்றன. பிறகு 'ப்ளூ ஸ்கை' வரும்போது டுவேன் மீண்டும் உயிரோடு வந்து நிற்பதுபோல் இருக்கும். அதில் முதல் தனி வாசிப்பு அவருடையது, அடுத்தது பெட்ஸுடையது. முப்பத்துமூன்று நிமிட 'மவுண்டன் ஜாம்', அந்த நாளில் இசைத்தட்டின் இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடந்தது. இன்று இடைவெளியின்றிக் கேட்க முடிகிறது என்பதால், அதற்கென்று ஒரு மாலையை ஒதுக்கிவையுங்கள்.

1973இன் 'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' ஆல்பத்தைச் சிலர் ப்ளூஸிலிருந்து விலகிய ஆல்பம் என்று ஒதுக்குகிறார்கள். நான் உடன்படவில்லை. டுவேனுக்கு ஈடாக இன்னொரு கிதார் கலைஞரைத் தேடாமல், இருபது வயதுப் பியானோ கலைஞர் சக் லெவலைச் சேர்த்துக்கொண்டது குழு எடுத்த மிக நேர்மையான முடிவு. உரையாடல் நிற்கவில்லை, எதிரே பேசும் கருவிதான் மாறியது. முதல் இரண்டு பாடல்களில் பேஸ் வாசிப்பவர் ஓக்லி, மூன்றாவதிலிருந்து ஜெய்மோவின் இளமைக்கால நண்பர் லமார் வில்லியம்ஸ். இரண்டாவது பாடலான 'ராம்ப்ளிங் மேன்' அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போயிற்று. 'ஜெசிக்கா' பாடலைப் பெட்ஸ், தீக்காயத்தால் இடக்கையில் இரண்டு விரல்களை மட்டுமே கொண்டு வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை மனத்தில் வைத்து இயற்றினார். நடுவில் லெவலின் பியானோ கிதாரிடமிருந்து பேச்சை வாங்கிக்கொள்ளும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் திடலில் கிரேட்ஃபுல் டெட், த பேண்ட் ஆகிய குழுக்களுடன் இவர்கள் வாசித்தபோது கூடிய கூட்டம் ஏறக்குறைய ஆறு லட்சம்.

அதன் பிறகு வேகமாகக் கடந்துவிடலாம். 1975இன் ஆல்பத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் கேட்பதை நிறுத்திவிட்டது தெரிகிறது. போதைப்பொருள் வழக்கு ஒன்றில் தங்கள் ஊழியருக்கு எதிராகக் கிரெக் சாட்சியம் சொன்னதும் 1976இல் குழு உடைந்தது. 1979இன் 'என்லைட்டண்டு ரோக்ஸ்' ஆல்பத்தை ஒருமுறை கேளுங்கள். 1980, 1981 ஆகிய ஆண்டுகளின் ஆல்பங்களைத் தொடாமல் விட்டாலும் இழப்பில்லை. தென்மாநில ராக் என்ற பெயரையே கிரெக் விரும்பவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ராக் பிறந்ததே தெற்கில்தான், எனவே அது ஒரே சொல்லை இரண்டு முறை சொல்வதாகும் என்பது அவர் கருத்து.

மூன்றாவது பிறவி

1989இல் குழு மீண்டும் கூடியபோது வந்து சேர்ந்த கிதார் கலைஞர் வாரன் ஹேன்ஸ், டுவேனின் பாணியை உள்வாங்கியும் அதைப் பிரதி எடுக்காதவர். 1990இன் 'செவன் டர்ன்ஸ்' ஆல்பத்தில் டாம் டவுட் மீண்டும் தயாரிப்பாளர். 1999இல் புட்ச் டிரக்ஸின் உறவினரான டெரிக் டிரக்ஸ், இருபது வயதில், குழுவில் சேர்ந்தார். 2000இல் பெட்ஸ் விலக்கப்பட்டது கசப்பான முடிவு. அவர் இல்லாத முதல் ஸ்டுடியோ ஆல்பமான, 2003இன் 'ஹிட்டிங் த நோட்', அந்தக் கசப்பை மீறியும் நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கும் ஆல்பம். ஹேன்ஸ், டெரிக் இருவரும் ஸ்லைடு வாசிப்பவர்கள் என்பதால், இரண்டு குரல்களை அடையாளம் காண ஃபில்மோர் ஆல்பத்தில் பழகிய காதுக்கு இங்கே கடினமான தேர்வு காத்திருக்கிறது. டெரிக்கின் ஸ்லைடு நீண்டு வளைந்து பாடும், ஹேன்ஸின் கிதார் கரகரப்பாக அழுத்திப் பேசும் என்பதை வைத்துத் தொடங்கலாம்.

இந்தக் காலத்தில் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் பல ஆண்டுகளாக மார்ச் மாதம்தோறும் தொடர்ந்து பல இரவுகள் வாசித்தார்கள். கடைசிக் கச்சேரியும் அங்கேதான், 2014 அக்டோபர் 28 அன்று. அது நள்ளிரவைத் தாண்டி, டுவேனின் நினைவு நாளான 29 பிறந்த பிறகே முடிந்தது. அந்தப் பதிவு இப்போது ஆல்பமாகக் கிடைக்கிறது. கடைசியாக அவர்கள் வாசித்தது மட்டி வாட்டர்ஸின் 'ட்ரபிள் நோ மோர்'. 1969 மார்ச்சில் ஜாக்சன்வில்லில் கூடியபோது முதன்முதலில் சேர்ந்து வாசித்ததும் இதையே என்று கிரெக் மேடையில் சொன்னார். ஆகவே கடைசி மாலையில் நான்கு பதிவுகளை வரிசையாக வையுங்கள்: மட்டி வாட்டர்ஸின் 1955 பதிவு, குழுவின் முதல் ஆல்பத்தில் உள்ள பதிவு, 'ஈட் எ பீச்' ஆல்பத்தில் உள்ள 1971 மேடைப் பதிவு, இறுதியாகப் பீக்கன் தியேட்டர். நான்காவதில் 1969இன் ஆறு பேரில் கிரெக், புட்ச், ஜெய்மோ ஆகிய மூவர் இருக்கிறார்கள். கிரெக்கும் புட்சும் 2017இல் காலமானார்கள், பெட்ஸ் 2024இல். ஜெய்மோவின் ட்ரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை அந்த நான்காவது பதிவைக் கேளுங்கள்.